கானா இன்னாரா, இன்னார் (பாடகர்) ஆ? ஒரு தலைப்புப் பஞ்சாயத்து

ஒரு கானா பாடகரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை, மொத்தம் பதினான்கு வரி. அதற்கு என்ன தலைப்பு வைப்பது, அடியில் எந்தெந்தப் பகுப்புகளைப் போடுவது என்று பேச்சுப் பக்கத்தில் நடந்த வாதம் கட்டுரையைவிடப் பல மடங்கு நீளம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கு இது பழகிய காட்சிதான். 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய களஞ்சியம் அது. ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கே அங்கே மூன்று நாள் பேசுவார்கள். இந்தப் பேச்சை மட்டும் தனியாக எழுதி வைப்பதற்குக் காரணம், இதில் நானும் ஒரு தரப்பு. பாடகர் எங்கள் வடசென்னைப் பகுதிக்காரர், சாவு வீடுகளில் கானா பாடுகிறவர். என் சித்தப்பா இறந்த அன்று விடிய விடியப் பாடியவர்.

அவர் உயிரோடு இருப்பவர். இரண்டு படங்களில் பாடியிருக்கிறார், நாளிதழ்களில் அவரைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன. அச்சில் இருப்பது அவ்வளவுதான். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. 'இன்னார்' என்று வைத்துக்கொள்வோம். 'இன்னா' என்று தொடங்காமல் யாரும் பேசாத ஊரில் அது பொருத்தமான பெயர்தான். பேச்சில் கலந்துகொண்ட பயனர்களையும் ஊரை வைத்தே குறிப்பிடுகிறேன்.

நகர்த்தல், மீள்நகர்த்தல்

கட்டுரையைத் தொடங்கியது நான் இல்லை. பெரம்பூர்ப் பக்கத்துப் புதுப் பயனர் ஒருவர் 'கானா இன்னார்' என்ற தலைப்பில் ஆறு வரி எழுதியிருந்தார். ஒரு வாரத்துக்குள் மதுரைக்காரர் அதை 'இன்னார் (பாடகர்)' என்று நகர்த்திவிட்டார். பழைய பயனர், ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் உரைதிருத்தம் செய்தவர், நான் மதிக்கிறவர். தொகுப்புச் சுருக்கத்தில் நாலே சொல்: "தலைப்பில் அடைமொழி வேண்டாம், நன்றி." பெரம்பூர்க்காரர் பழைய தலைப்புக்கே திருப்பினார். மதுரைக்காரர் மறுபடி நகர்த்தினார். அதற்குள் நிர்வாகி ஒருவர் வந்து, இரண்டு பேரும் கையை எடுங்கள், முதலில் பேச்சுப் பக்கத்தில் பேசி முடியுங்கள் என்றார்.

மதுரைக்காரர் காட்டிய விதி சரியான விதி. பட்டம், விருது, மரியாதைச் சொல் எதுவும் கட்டுரைத் தலைப்பில் வரக் கூடாது. கலைமாமணி, இசைஞானி, டாக்டர் எல்லாம் கட்டுரைக்கு உள்ளே போகலாம், தலைப்பில் ஏறக் கூடாது. அந்த விதி மட்டும் இல்லையென்றால் தமிழ்நாட்டு அரசியல் கட்டுரைகளில் பாதி 'புரட்சி' என்றுதான் தொடங்கும்.

என் கேள்வி வேறு. 'கானா' ஒரு பட்டமா? யாரும் மேடையில் பொன்னாடை போர்த்திக் கொடுத்ததில்லையே. ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டிலேயே வாசித்து ஊரைக் கட்டிப்போட்ட அம்மையாரை 'வீணை தனம்மாள்' என்றுதான் எழுதுகிறோம். 1938இல் மறைந்தார், இன்றுவரை அவரை 'தனம்மாள் (வீணைக் கலைஞர்)' என்று மாற்ற யாரும் வரவில்லை. நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததால் ஒட்டிக்கொண்ட 'தேங்காய்' சீனிவாசனைவிட்டுப் போகவில்லை. சீர்காழி கோவிந்தராஜன், பரவை முனியம்மா ஆகியோரின் ஊர்ப்பெயர் முன்னால் நின்று பெயராகவே ஆகிவிட்டது. வீணை இருக்கலாம், தேங்காய் இருக்கலாம், கானா மட்டும் ஆகாதா? கொஞ்சம் சூடாகத்தான் எழுதினேன். "தெற்கே பிறந்த வாத்தியத்துக்கு ஒரு நியாயம், வடக்கே பிறந்த பாட்டுக்கு ஒரு நியாயமா" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது எனக்கே பிடிக்கவில்லை. தனம்மாளே வடசென்னைதானே!

மதுரைக்காரர் கோபப்படவில்லை. அவர் பதில் நியாயமாக இருந்தது. முன்னால் நிற்கும் சொல்லை எடுத்துவிட்டால் ஆளை அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள் என்றார். சீர்காழியை எடுத்தால் கோவிந்தராஜன் யாரென்று தெரியாது. இன்னாரைப் பற்றிய மூன்று நாளிதழ்க் கட்டுரைகளில் ஒன்று 'கானா இன்னார்' என்கிறது, இன்னொன்று தலைப்பெழுத்தோடு வெறும் 'இன்னார்' என்கிறது, மூன்றாவது பாதிவரை ஒன்றும் அதற்கப்புறம் மற்றொன்றும் எழுதுகிறது. படத்தின் பெயர்ப் பட்டியலில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு படத்தில் ஒற்றை 'ஏ', மற்றதில் இரட்டை 'ஏ'. "ஐயா, இதில் எது பரவலான பெயர் என்று நான் எப்படி முடிவு செய்வது?" என்று கேட்டிருந்தார்.

'பரவலாக அறியப்படும் பெயர்' என்ற விதிதான் இந்த மாதிரி வழக்குகளில் கடைசி நீதிபதி. சான்றிதழில் என்ன இருக்கிறது என்பதைவிட, நம்பகமான சான்றுகள் எந்தப் பெயரால் அழைக்கின்றன என்பதைப் பார்க்கும் விதி. ஆங்கில விக்கிப்பீடியாவில் கேட் ஸ்டீவன்ஸ் கட்டுரை இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அவர் 1977இல் இசுலாத்தைத் தழுவி அடுத்த ஆண்டே யூசுப் இசுலாம் என்று பெயரை மாற்றிக்கொண்டவர். நம் பக்கம் ஏ. ஆர். ரகுமான் திலீப்குமாராகப் பிறந்தவர். அவர் விஷயத்தில் புதுப் பெயர்தான் உலகத்துக்கே தெரியும் என்பதால் தகராறு இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் எம்ஜிஆர் கட்டுரை 'ம. கோ. இராமச்சந்திரன்' என்ற தலைப்பில் இருக்கிறது. தெருவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதும் நடைமுறையும் பரவலான பெயர் விதியும் மோதிய இடம் அது. எம்ஜிஆர் என்று தேடினால் வழிமாற்று அங்கே கொண்டு சேர்த்துவிடுவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

ஆக, 'பரவலாக' என்பது ஆட்களை எண்ணுவதில்லை, அச்சை எண்ணுகிறது. வடசென்னையில் இந்த இடத்தில்தான் இடிக்கிறது.

புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, மூலக்கொத்தளம் என்று ஒரு சுற்று நடந்தால் இன்னாரின் பெயர் கண்ணில் படாமல் திரும்ப முடியாது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் அடியில், பதினாறாம் நாள் காரியத்துக்கு வைத்த பிளெக்ஸில், 'கானா இன்னார் குழுவினரின் கச்சேரி' என்று இருக்கும். முப்பது வருடத்தில் இப்படி எத்தனை சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள்! ஆனால் சுவரொட்டி சான்று ஆகாது. ஒட்டியவர் யார், சரிபார்த்தவர் யார், நாளைக்கு மழையில் கரைந்துவிட்டால் படிப்பவர் எங்கே போய்ச் சோதிப்பது? விதியின் காரணங்கள் எல்லாம் புரிகின்றன. நானே மற்றவர்கள் கட்டுரையில் 'சான்று தேவை' என்று வார்ப்புரு ஒட்டுகிறவன்தான். ஆனாலும், ஓர் ஊரில் ஒருவரை எல்லாரும் ஒரே பெயரால் கூப்பிட, அந்த ஊரை எட்டிப் பார்க்காதவர் எழுதிய ஒரு பத்திச் செய்தி அதைவிடக் கனமாகிவிடுவதை ஏற்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

டீக்கடையில் கிடைத்தது

அந்த வாரம் அவரையே பார்த்துவிட்டேன். வியாசர்பாடியில் டீக்கடை வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, என் பேர வெச்சி ஏதோ பஞ்சாயத்து ஓடுதாமே?" என்றார். யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள்.

"ஆமாண்ணே. கானா உங்க பேரா, தொழிலான்னு கேக்குறாங்க."

சிரித்தார். "நானா வெச்சேன்? போஸ்டர் அடிக்கிறவன் வெச்சது. அப்போ நம்ம ஏரியாவுல என் பேர்ல இன்னொருத்தன் இருந்தான், பேண்டு செட்டுல டிரம்பெட்டு வாசிப்பான். அவன கூப்புட்டா நான் போயி நிப்பேன், என்ன கூப்புட்டா அவன் வந்து நிப்பான். சாவு வூட்ல ஒரே கொழப்பம். அப்புறம் போஸ்டர்காரன் பாத்தான். அவன் பேண்டு இன்னார், நான் கானா இன்னார். முடிஞ்சிது."

டீ கையில் ஆறிப்போனது. விக்கிப்பீடியாவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வோம்? பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு 'பாடகர்', 'நடிகர்', 'அரசியல்வாதி' என்று எழுதுவோம். பக்கவழி நெறிப்படுத்தல் என்று அதற்கு நீளமாக ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். அதே வேலையைப் புளியந்தோப்பில் ஒரு சுவரொட்டி அச்சகம் முப்பது வருடம் முன்னாலேயே செய்து முடித்திருக்கிறது. நாங்கள் பெயருக்குப் பின்னால் போடுவதை அவர்கள் முன்னால் போட்டார்கள், அடைப்புக்குறி இல்லாமல். மதுரைக்காரர் 'கானா'வை எடுத்துவிட்டுப் போட்ட '(பாடகர்)', வந்த காரியத்தை வைத்துப் பார்த்தால் எடுத்த அதே சொல்தான்.

அன்று இரவே பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். மதுரைக்காரர் உடனே பதில் போட்டார்: "அருமையான தகவல் ஐயா. மேற்கோள்?"

மேற்கோள் இல்லை. நான் போய்க் கேட்டு வந்தது சொந்த ஆய்வு. கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. கட்டுரைக்கு உரியவரே சொன்னார் என்றாலும், எங்கேயாவது வெளியாகியிருந்தால்தான் எடுக்கலாம். அதோடு நான் அவரைத் தெரிந்தவன். நலமுரண் உண்டு என்பதைப் பேச்சுப் பக்கத்தில் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்றுதான் சொன்னேன்.

நாட்டுக்குள் ஒரு நாடு

இதற்கிடையே யாழ்ப்பாணத்துப் பயனர் ஒருவர் வந்து ஒரு கேள்வி போட்டார்: "மன்னிக்கவும், இவர் கானா நாட்டைச் சேர்ந்தவரா?"

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே கேட்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் அக்ராவைத் தலைநகராகக் கொண்ட, 1957இல் விடுதலை பெற்ற நாட்டையும் தமிழில் 'கானா' என்றுதான் எழுதுகிறோம். ஒரே எழுத்து, ஒரே ஒலி. சென்னையைத் தாண்டி இந்தப் பாட்டைக் கேட்டிராத ஒருவருக்குக் 'கானா பாடகர்' என்றால் 'இந்தியப் பாடகர்', 'பிரெஞ்சுப் பாடகர்' வரிசையில்தான் மனம் போகும். தப்பு அவரிடம் இல்லை.

தலைப்பில் இது சிரிப்போடு முடிந்தது. பகுப்பில் முடியவில்லை. விக்கிப்பீடியாவில் பகுப்பு என்பது கட்டுரையின் அடியில் இருக்கும் பெயர்ப்பட்டி. ஒரு கட்டுரையை அதே வகையான மற்றக் கட்டுரைகளோடு கோக்கும் கயிறு. நாட்டுப் பகுப்புகள் எல்லாம் ஒரே வாய்பாட்டில் இருக்கும்: நாட்டின் பெயர், பிறகு 'பாடகர்கள்'. நாளைக்கு ஒருவர் ஆங்கிலத்திலிருந்து அக்ராவின் பாடகர் ஒருவரைப் பற்றி மொழிபெயர்த்து 'கானா பாடகர்கள்' பகுப்பில் போட்டால், அவர் காசிமேட்டுக்காரர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். இயந்திரத்துக்கு இரண்டு கானாவும் ஒன்றுதான்.

அது போதாதென்று, 'கானா பாடகர்கள்', 'கானாப் பாடகர்கள்' என்று இரண்டு பகுப்புகளை ஆளுக்கொன்றாக உருவாக்கி வைத்திருந்தோம். ஒரு 'ப்' வித்தியாசம். ஒருவர் இந்தப் பெட்டியில், இன்னொருவர் அந்தப் பெட்டியில். பலாப்பழம், நிலாச்சோறு மாதிரி 'கானாப் பாடல்' என்று வல்லினம் மிக வேண்டும் என்றார் கோவைக்காரர் (தமிழாசிரியராக இருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்). பிறமொழிச் சொல்லுக்கு அந்த விதியை நீட்ட வேண்டாம் என்றார் மதுரைக்காரர். உடனே அது பிறமொழிச் சொல்லா என்ற தனிச் சண்டை கிளம்பியது. இந்தியில் பாட்டுக்குச் சொல்லும் 'கானா'தான் இது என்றார் ஒருவர். தமிழில் ஏற்கெனவே இருக்கும் 'கானம்' தேய்ந்தது என்றார் இன்னொருவர். அதை அப்படியே விட்டுவிட்டோம். சொல்லின் பிறப்பைப் பகுப்புப் பெயரில் தீர்க்க முடியாது.

முடிவில் 'கானாப் பாட்டுக் கலைஞர்கள்' என்று ஒரே பகுப்பு. நடுவில் 'பாட்டு' வந்ததும் நாடு விலகிவிட்டது. பாடுகிறவரோடு டோலக் அடிப்பவரும் சட்டி அடிப்பவரும் எழுதிக் கொடுப்பவரும் உள்ளே வர இடம் கிடைத்தது. பழைய இரண்டையும் காலி செய்தோம். இன்னாரின் பெயரில் ஒற்று வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். ஆள்பெயரில் கை வைக்க வேண்டாம் என்று கோவைக்காரரே சொல்லிவிட்டார்.

வரிசை பற்றியும் ஒரு சின்னப் பேச்சு நடந்தது. பகுப்புப் பக்கத்தில் கட்டுரைகள் அகர வரிசையில் நிற்கும். எல்லாப் பெயரும் 'கானா' என்று தொடங்கினால் பட்டியல் முழுக்க 'கா'வில் குவியும். வரிசைக்கு மட்டும் வேறு சொல்லைக் கொடுக்க வழி இருக்கிறது. இன்னாரை 'இ'யில் நிறுத்தலாம். ஆங்கிலத்தில் குடும்பப்பெயரை முன்னால் இழுத்துப் போடுவதற்காகச் செய்த வசதி அது. குடும்பப்பெயரே இல்லாத நமக்கு இதற்காவது பயன்படட்டும்.

நாட்டுப்புறம் எங்கே இருக்கிறது

கட்டுரையில் இருந்த 'நாட்டுப்புறப் பாடகர்கள்' பகுப்பை நான் நீக்கினேன். நாட்டுப்புறம் என்றால் கிராமம். பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் சென்ட்ரல் ஸ்டேஷன். பின்னி மில், துறைமுகம், ரயில்வே பணிமனை என்று வேலைக்குப் போய் வந்தவர்களின் நடுவில் வளர்ந்த பாட்டு இது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்த ஊரைப் போய் நாட்டுப்புறம் என்றால் எப்படி?

இந்த இடத்தில் நான் தோற்றேன். யாழ்ப்பாணத்துக்காரர், தங்களிடம் 'நாட்டார் பாடல்' என்பதே வழக்கு, அதில் புறம் எதுவும் இல்லை என்று எடுத்துக்காட்டினார். நகரத்துக்கும் நாட்டார் வழக்காறு உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், கானாவையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். சரி, தனி ஆளின் கட்டுரையில் அந்தப் பட்டி வேண்டாம்; 'கானாப் பாட்டுக் கலைஞர்கள்' என்ற பகுப்பையே 'நாட்டார் இசை'யின் கீழே வைப்போம் என்று முடிந்தது. எனக்கு இன்னும் முழு மனம் இல்லை. ஆனால் சான்று அவர்கள் பக்கம்.

பின்னணிப் பாடகர் பகுப்புக்கு யாரும் சண்டை போடவில்லை. படம் இரண்டு, பெயர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறது, போட்டாயிற்று.

கேட்காமல் விட்டது

ஒரு புதுப் பயனர் இன்னாரின் சாதியைப் பகுப்பாகச் சேர்த்தார். கெட்ட எண்ணம் இல்லை. அவர் வாதத்தை நான் மதிக்கிறேன்: கானாவின் வரலாற்றைச் சாதியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது, ஒதுக்கப்பட்ட மக்களின் பாட்டு இது, அதை மறைப்பது களஞ்சியம் செய்யும் இன்னொரு ஒதுக்கல். இதில் எந்த வரியையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் பகுப்புக்கு ஒரு குணம் உண்டு. கட்டுரைக்குள் 'என்று சிலர் சொல்கிறார்கள்' என்று எழுதலாம், மேற்கோள் கொடுக்கலாம், முன்பின் விளக்கலாம். பகுப்பில் அதற்கெல்லாம் இடமில்லை. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் வாழும் நபர்களின் கட்டுரைகளில் மதம், பாலியல் சார்பு போன்ற பகுப்புகளுக்கு ஆங்கிலப் பதிப்பில் கடுமையான நிபந்தனை இருக்கிறது: அவரே தன்னை அப்படி அடையாளப்படுத்திப் பொதுவில் சொல்லியிருக்க வேண்டும். இந்தியர்களின் கட்டுரைகளில் சாதிக்கும் அதே அளவுகோலைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். கிறிஸ்துமஸ் பாட்டு பாடினார் என்பதற்காக ஒருவர் ஒட்டிய மதப் பகுப்பு ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை.

பேச்சுப் பக்கத்தில் நான் கொடுத்த எடுத்துக்காட்டு பெங்களூர் நாகரத்தினம்மா. 1878இல் மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் பிறந்து, ஜார்ஜ் டவுனில் வாழ்ந்து, திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர். பெயரில் பெங்களூர் இருந்தாலும் பிறந்த ஊர் அது இல்லை என்பது தனி வேடிக்கை. தலைப்பு ஓர் ஊர், பிறப்புப் பகுப்பு இன்னோர் ஊர், வாழ்க்கை வேறோர் ஊர். அவரைத் தேவதாசிகள் பகுப்பில் சேர்த்தால் யாரும் எடுக்க முடியாது. சென்னை மாகாணத் தேவதாசிகளின் சங்கத்துக்குத் தலைமை ஏற்று வெளிப்படையாக வாதாடியவர். முத்துப்பழனியின் தெலுங்குக் காவியமான ராதிகா சாந்தவனத்தை 1910இல் பதிப்பித்து, அடுத்த ஆண்டே அது தடை செய்யப்பட்டதைப் பார்த்தவர். தன்னை யார் என்று அவரே உரக்கச் சொன்னார், அச்சிலும் இருக்கிறது, 1952இல் மறைந்தும் விட்டார். இன்னார் எங்கேயும் எதையும் சொல்லவில்லை. அவர் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். தேடுபொறியில் அப்பா பெயரைப் போட்டால் முதலில் வருவது எங்கள் கட்டுரை.

புதுப் பயனர் விடவில்லை. 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் குறிப்பிட்டார். கானாவை அரசியலோடு மேடையேற்றியவர்கள்தானே என்றார். உண்மை. அயோத்திதாசர் கையாண்ட 'சாதி பேதமற்ற' என்ற தொடரிலிருந்து பெயர் எடுத்த குழு அது. அந்தக் குழுவில் பாடுகிறவரின் கட்டுரைக்கு அடியில் நீங்கள் என்ன சாதிப் பகுப்பு போடுவீர்கள் என்று கோவைக்காரர் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

டீக்கடையில் நின்றபோது நான் இன்னாரிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டாலும் அது சான்று ஆகாது என்பது ஒரு காரணம். ஒரு கலைக்களஞ்சியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவில் நின்று ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை என்பது மற்றது. சாதி பற்றி எழுத வேண்டியதைக் 'கானாப் பாட்டு' என்ற பொதுக் கட்டுரையில், மேற்கோள்களோடு ஒரு பிரிவாக எழுதினோம். அந்தப் பிரிவின் பெரும்பகுதியை எழுதியது அந்தப் புதுப் பயனர்தான். நன்றாகவே எழுதியிருக்கிறார்.

பெண் கலைஞர்கள் பற்றி ஒரு குறிப்பையும் பேச்சுப் பக்கத்தில் பதிவு செய்தேன். 2013இல் ஆங்கிலப் பதிப்பில் அமெரிக்க நாவலாசிரியர்கள் பகுப்பிலிருந்து பெண்களை ஒவ்வொருவராக எடுத்துப் 'பெண் நாவலாசிரியர்கள்' என்ற உள்பகுப்புக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். பொதுப் பட்டியலில் ஆண்களே மிச்சமாகிற நிலை வந்தது. அமண்டா ஃபிலிப்பாச்சி என்ற எழுத்தாளர் அதை நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகு பெரிய விவாதமானது. பிபிசியின் 2020ஆம் ஆண்டு 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணி போன்றவரைப் பெண்கள் பகுப்பில் மட்டும் போட்டுவிட்டு கானாப் பகுப்பிலிருந்து எடுத்தால் நமக்கும் அதுதான் நடக்கும். இரண்டிலும் இருக்கட்டும் என்றேன். இதற்கு எல்லோரும் சரி என்றார்கள்.

முடிவு வந்த விதம்

தலைப்பில் என் வீணை வாதம் ஜெயிக்கவில்லை. கோவைக்காரர் ஒரு வார இதழின் பழைய பேட்டியைத் தேடிக் கொண்டுவந்தார். அதில் இன்னார் அதே கதையைச் சொல்லியிருக்கிறார்: பேண்டு செட், குழப்பம், சுவரொட்டிக்காரர், எல்லாம். தலைப்பிலேயே 'கானா இன்னார்' என்று இருக்கிறது. ஏற்கெனவே கானா உலகநாதன், கானா பாலா ஆகியோர் திரைப்படங்களின் வழியாகத் தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயராலேயே அறிமுகமானவர்கள். உலகநாதனின் வாளமீன் பாட்டு 2006இல் ஒலிக்காத தெரு இல்லை. முன்மாதிரியும் இருக்கிறது, சான்றும் வந்துவிட்டது. மதுரைக்காரர் தானே கட்டுரையைப் பழைய தலைப்புக்கு நகர்த்தி, 'இன்னார் (பாடகர்)' என்பதை வழிமாற்றாக விட்டார். நான் டீக்கடையில் கேட்ட அதே கதை, அச்சில் வந்ததும் செல்லுபடியானது. சிரிப்புதான் வந்தது.

அந்தப் பேட்டியிலும் ஒரு கோளாறு. அவர் பிறந்த இடம் காசிமேடு என்று எழுதியிருக்கிறார்கள். வயதிலும் நாலைந்து வருடம் கூடுதல். இரண்டுமே தப்பு என்று எனக்குத் தெரியும், அவர் தங்கையின் வீடு எங்கள் தெரு. ஆனால் என் தெரு மேற்கோள் இல்லை. பெயருக்கு அந்த இதழை நம்புகிறோம், ஊருக்கும் வயதுக்கும் நம்ப மாட்டோம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? விதியை மீறாமல் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது: சந்தேகமுள்ளதை எழுதாமல் விடுவது. பிறந்த ஆண்டையும் இடத்தையும் வெற்றாக விட்டோம். 'சென்னை இசைக்கலைஞர்கள்' என்ற பகுப்பு மட்டும் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவருக்குப் போன் செய்து கட்டுரையைப் படித்துக் காட்டினேன். பதினான்கு வரியும் கேட்டார். அடியில் என்னவோ இருக்குதாமே என்றார். பகுப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கானாப் பாட்டுக் கலைஞர்கள், தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகர்கள், சென்னை இசைக்கலைஞர்கள், வாழும் நபர்கள்.

"வாழும் நபர்களா? அது இன்னாத்துக்கு?"

உயிரோடு இருப்பவர்களைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பட்டியலைத் தனியாகக் கவனிப்போம், ஆள் போய்விட்டால் அதை எடுத்துவிடுவோம் என்று விளக்கினேன்.

"அப்போ நம்ம வேலயும் அதானேப்பா" என்றார். "நீ பேர எடுக்கிற அன்னிக்கி நாங்க பாட வருவோம்."

போன வாரம் யாரோ ஒருவர் கட்டுரையில் பிறந்த இடம் காசிமேடு என்று சேர்த்திருந்தார், அந்த வார இதழையே மேற்கோள் காட்டி. இன்னும் நான் அதில் கை வைக்கவில்லை. பேச்சுப் பக்கத்தில் மதுரைக்காரர் கேட்டிருக்கிறார்: "இதற்கு என்ன செய்யலாம் ஐயா?"